புதுப் பாலம் ஒரே மழைக்காலத்தில் சாய்ந்துவிட்டது. ஒப்பந்ததாரர் செலவில் சரிசெய்ய வைக்க முடியுமா?

வாய்க்கால்மேடு எழுதியது:

வணக்கம். நான் டெல்டா பகுதியில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஊர், ஒன்றியம், ஒப்பந்ததாரர் பெயர் எதையும் இங்கே போடவில்லை. விசாரணை என்று ஒன்று வந்தால் அங்கே சொல்லிக்கொள்கிறேன். கொஞ்சம் நிலமும் ஒரு டாடா ஏஸ் வண்டியும் வைத்துப் பிழைக்கிறேன். அறுவடை சமயத்தில் நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போவதுதான் முக்கிய வேலை.

எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பாசன வாய்க்கால். அதில் இருந்த பழைய பாலம் குறுகலாக இருந்ததால் அறுவடை மிஷின், ஸ்கூல் வேன் எதுவும் உள்ளே வர முடியாது. பல வருஷம் மனு கொடுத்து, போன வருஷம்தான் அதை இடித்துவிட்டு இரண்டு கண் வைத்த கான்கிரீட் பாலம் கட்டினார்கள். போர்டில் முப்பது லட்சத்துக்கு மேல் எழுதியிருந்தது.

வேலையை மே மாதக் கடைசியில்தான் ஆரம்பித்தார்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் கொஞ்ச நாளில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும் என்று ஒரே ஓட்டம். தளத்துக்கு கான்கிரீட் போட்டது ராத்திரியில், லைட் கட்டி. கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் கொண்டு வந்திருந்தார்கள், ஆனால் மோட்டார் ஓடவில்லை. கம்பியை வைத்துக் குத்திக்கொண்டே போட்டு முடித்தார்கள். மறுநாள் சாக்கு போட்டு நனைக்க ஆள் இல்லை. கேட்டதற்கு, "அதான் கீழே தண்ணி வரப்போகுதே" என்றார் மேஸ்திரி. அந்த வாரமே தளத்தைத் தாங்கின சென்ட்ரிங் முட்டுகளைப் பிரித்துவிட்டார்கள். ஊருக்குப் பாலம் வருகிறதே என்ற சந்தோஷத்தில் இதையெல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், தேதியோடு இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால், ஊர்ப் பக்கத்து விங் வால், அதாவது பாலத்தின் முனையில் மண்ணைத் தாங்குகிற பக்கச் சுவர், வெளியே சாய்ந்திருக்கிறது. சுவருக்கும் பாலத்துக்கும் நடுவில் கை நுழையும். பாலத்தில் ஏறுகிற இடத்தில் மண் உள்வாங்கி, ரோடு ஒரு படி அளவுக்குக் கீழே போய்விட்டது. வாய்க்காலில் இறங்கி அடியில் பார்த்தேன். தளத்தின் அடிப்பக்கம் ஜல்லி தனித்தனியாகத் தெரிகிறது, விரலால் நெருடினால் உதிர்கிறது. இரண்டு இடத்தில் கம்பி வெளியே வந்து துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஸ்கூல் வேன் டிரைவர் பாலத்தில் ஏற மாட்டேன் என்கிறார். அவர் செய்வது சரிதான். பிள்ளைகளை அக்கரையில் இறக்கிவிடுகிறார், அவர்கள் அந்தச் சாய்ந்த சுவர் ஓரமாக நடந்து வருகிறார்கள். 108 வண்டி ஏழெட்டு கிலோமீட்டர் சுற்றி வருகிறது.

ஓவர்சியரிடம் சொன்னோம். "இந்த வருஷம் மழை அதிகம், இயற்கைச் சீற்றத்துக்கு யார் என்ன செய்வது" என்றார். பிறகு ஒப்பந்ததாரரின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, கம்பி தெரிந்த இடத்தில் சிமெண்ட் கலவையைப் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டுப் போனார்கள். ஜனவரி 26 கிராம சபையில் கேட்டோம். அங்கே எழுதின தீர்மானம் இதுதான்: பழுதடைந்த பாலத்தைச் சீரமைக்க நிதி ஒதுக்கும்படி அரசைக் கேட்டுக்கொள்வது. எனக்கு அங்கேயே வயிறு எரிந்தது. அப்படியானால் ஒரே பாலத்துக்கு ஊர் இரண்டு தடவை பணம் கொடுக்கிறது, கெடுத்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. அந்தச் சீரமைப்பு வேலையும் அவருக்கே போகலாம்.

யாரிடம் முறையிடுவது என்பதும் பெரிய சிக்கல். உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இப்போது தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர்தான். பாலம் கட்டியது ஒன்றிய அலுவலகம், ஊராட்சியைப் பார்ப்பதும் அதே அலுவலகம். ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு கொடுத்தால், அது "நடவடிக்கைக்காக" அங்கேயே திரும்பி வருகிறது. "நிதி நிலைக்கேற்பச் சரிசெய்யப்படும்" என்று ஒரு பதில் வந்ததோடு சரி.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். கட்டினவரே அவர் காசில் மறுபடி கட்டித் தர வேண்டும் என்று சட்டப்படி கேட்க வழி இருக்கிறதா? பார்த்துக் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு ஏ.இ. எழுதியது:

தம்பி, நான் அரசுத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாலம், கட்டடம், தொட்டி எல்லாம் கட்டியிருக்கிறேன், பில்லிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கொதித்தது. ராத்திரியில், வைப்ரேட்டர் இல்லாமல், தண்ணீர் காட்டாமல் ஒரு பாலத் தளம் போடுவது கவனக்குறைவு அல்ல, குற்றம்.

முதல் காரியம், "சீரமைத்துத் தாருங்கள்" என்று இனி எந்த மனுவிலும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அலுவலகம் புதிதாக எஸ்டிமேட் போடும், நிதி கேட்கும், நீங்களே அதற்குச் சாட்சி ஆகிவிடுவீர்கள். "ஒப்பந்தத்தில் உள்ள குறைபாடு பொறுப்புக் காலத்துக்குள் ஒப்பந்ததாரரின் சொந்தச் செலவில் மறுகட்டுமானம் செய்ய உத்தரவிட வேண்டும்" என்று எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் பழைய தீர்மானத்தை மாற்றியும் இப்படியே எழுதச் சொல்லுங்கள். குறைபாடு பொறுப்புக் காலம் என்பது, வேலையில் குறை தெரிந்தால் கட்டினவரே தன் செலவில் சரிசெய்து தர வேண்டிய காலம். அது எவ்வளவு என்பது ஒவ்வொரு அக்ரிமெண்டிலும் வேறுபடும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்ட ரோடு என்றால் ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்ததாரர் தலையில்தான், போர்டிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் பாலத்துக்கு எவ்வளவு என்று அக்ரிமெண்டைப் பார்த்தால்தான் தெரியும். காலம் முடியும்வரை ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகையும் பில்லில் பிடித்து வைத்த பணமும் அலுவலகத்திடம் இருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் உங்கள் கையில் பிடி இல்லை. ஆகவே "விசாரணை முடியும்வரை வைப்புத் தொகையை விடுவிக்கக் கூடாது" என்று ஒரு தனி மனு இன்றைக்கே போக வேண்டும். மற்றது எல்லாம் ஒரு வாரம் தள்ளினாலும் பரவாயில்லை.

அப்புறம் எம் புக். அளவுப் புத்தகம் என்பார்கள். எந்த வேலையிலும் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், கம்பி எத்தனை கிலோ, கான்கிரீட் எத்தனை கன மீட்டர், எல்லாம் அதில் எழுதி, அளந்தவர் கையெழுத்து, அதைச் சரிபார்த்த மேல் அதிகாரி கையெழுத்து, தேதி என்று இருக்கும். அதை வைத்துத்தான் பில். நீங்கள் கேட்டீர்களே, கையெழுத்துப் போட்டவருக்குப் பொறுப்பு உண்டா என்று. அந்தக் கையெழுத்துதான் பொறுப்பு. "நான் நேரில் அளந்தேன்" என்று சொல்லிப் போடுகிற கையெழுத்து அது. அஸ்திவாரத்தை மண் மூடிவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற தைரியத்தில்தான் அளவைக் கூட்டி எழுதுவார்கள். சாய்ந்த சுவர் ஓரமாக ஒரு குழி தோண்டினால் உண்மை ஆழம் தெரிந்துவிடும். நீங்களாகத் தோண்டாதீர்கள். தோண்டிக் காட்டும்படி கேளுங்கள்.

விங் வால் ஏன் சாய்ந்தது என்று எனக்கு ஓரளவு யூகம் இருக்கிறது. சுவரில் வரிசையாகத் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீப் ஹோல் என்பார்கள். துளை இருந்தாலும் அதன் பின்னால் ஜல்லி, மணல் அடுக்கி வடிகட்டி மாதிரி செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, சுவரை வெளியே தள்ளும். உங்கள் பக்கத்து மண் களிமண். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதையே வாய்க்காலில் இருந்து அள்ளிப் பாலத்தின் இரண்டு பக்கமும் கொட்டியிருந்தால் ரோடு உள்வாங்காமல் என்ன செய்யும்? எஸ்டிமேட்டில் கிராவல் போட்டு, அடுக்கடுக்காக உருளை ஓட்டி இறுக்க வேண்டும் என்றுதான் இருக்கும். கிராவலுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்களா என்பதும் எம் புக்கில் தெரியும்.

தளத்துக்கு வருகிறேன். ஐ.எஸ். 456 என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயம். சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரம் காக்க வேண்டும். தளத்தைத் தாங்குகிற முட்டுகளை, கண் அகலம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாளுக்கு முன்னும், அதற்கு மேல் என்றால் 14 நாளுக்கு முன்னும் எடுக்கக் கூடாது. உங்கள் போனில் உள்ள படங்களின் தேதியை வரிசைப்படுத்துங்கள். கான்கிரீட் போட்ட தேதி, முட்டு எடுத்த தேதி, இரண்டும் போதும்.

கியூப் ரிஜிஸ்டர் கேளுங்கள். கான்கிரீட் போடும்போதே 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் எடுத்து வைத்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்க வேண்டும். 6 முதல் 15 கன மீட்டர் வரை போட்டால் இரண்டு மாதிரி, 16 முதல் 30 வரை என்றால் மூன்று மாதிரி, ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று கியூப். அன்றைக்கு அங்கே யாராவது கியூப் அச்சு வைத்திருந்தார்களா? உங்கள் படங்களில் தேடிப் பாருங்கள். ரிஜிஸ்டரில் எல்லாம் பாஸ் என்று இருந்து, பாலத்தில் இருந்து துளையிட்டு எடுக்கிற கோர் சோதனையில் தோற்றால், அந்த ரிஜிஸ்டர் மீதே சந்தேகம் வரும். கியூப் எடுக்காமலே எழுதியது என்று தெரிந்தால், விஷயம் தரக்குறைவு என்பதைத் தாண்டி ஆவண மோசடிக்குப் போகிறது. கோர் சோதனையில், எடுத்த துண்டுகளின் சராசரி வலிமை குறிப்பிட்ட அளவில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒரு துண்டும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. சுத்தியல் மாதிரி ஒரு கருவியை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். அது மேல்தோலைத்தான் சொல்லும். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜெ). காகித நகல் கேட்பது மட்டும் அல்ல, வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளித்த மாதிரியை எடுத்துக்கொள்ளவும் குடிமகனுக்கு உரிமை இருக்கிறது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அக்ரிமெண்ட், எஸ்டிமேட், வரைபடம், எம் புக், கியூப் முடிவுகள், இதுவரை கொடுத்த பில்கள், பிடித்து வைத்த தொகை எவ்வளவு, அது எப்போது விடுவிக்கப்படும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

இயற்கைச் சீற்றம் என்ற பதிலையும் அப்படியே தள்ளிவிடாதீர்கள், அதற்கும் கணக்கு கேளுங்கள். 2024 டிசம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணை மேல் கட்டிய பாலம், சுமார் 16 கோடி ரூபாய்ப் பாலம், திறந்த மூன்றே மாதத்தில் அடித்துப் போனது. அன்றைக்குச் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. பாலம் வடிவமைத்தது ஏறத்தாழ 54,000 கன அடிக்கு என்று அரசு தரப்பில் சொன்னார்கள். அந்தக் கணக்கு சரியா, ஏன் அவ்வளவு குறைவாக எடுத்தார்கள் என்று விவாதிக்கலாம். ஆனால் அங்கே பேசுவதற்கு ஒரு எண் இருந்தது. உங்களுடையது பாசன வாய்க்கால். மேலே ரெகுலேட்டர் ஷட்டர் இருக்கும், முழு அளவு எவ்வளவு என்று நீர்வளத் துறையிடம் இருக்கும். பாலம் எத்தனை கன அடிக்கு வடிவமைக்கப்பட்டது, அன்று எத்தனை ஓடியது, இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அதோடு, வெள்ளம் வந்து தளத்தின் அடியில் ஜல்லியைத் தனியாகப் பிரித்து வைக்காது. அது போடும்போதே நடந்தது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் தளவானூரில் இதே தென்பெண்ணையில் சுமார் 25 கோடியில் கட்டிய தடுப்பணை, திறந்து சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில் ஒரு பக்கச் சுவர் உடைந்தது. தலைமைப் பொறியாளர் வரை சஸ்பெண்ட் செய்தார்கள். நல்ல செய்தியாகத் தெரிந்தது. அந்த நவம்பரில் வெள்ளம் இன்னொரு பக்கத்தையும் உடைத்து, கரை அரித்து, கடைசியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் கையை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. அங்கேயும் பொறியாளர்கள் சஸ்பெண்ட், சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு. அந்த வீடுகளில் குடியேறினவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சஸ்பெண்ட் செய்வதால் உடைந்த சுவர் நிமிராது. அது விசாரணையின் முதல் படி மட்டும்தான், ஆனால் பத்திரிகையில் அதோடு செய்தி முடிந்துவிடுகிறது. நீங்கள் பணத்தை விடாதீர்கள். பணம் யாரிடமிருந்து திரும்ப வருகிறது என்பதைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கொச்சிவாசி எழுதியது:

நான் திருநெல்வேலிக்காரன், எறணாகுளத்தில் காய்கறி லோடு ஏற்றி இறக்குகிற தொழில். மேலே ஐயா சொன்னதற்கு எங்கள் ஊர்க் கதை பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

பாலாரிவட்டம் மேம்பாலம். 2016 அக்டோபரில் திறந்தார்கள். இடப்பள்ளிக்கும் வைற்றிலாவுக்கும் நடுவில், பைபாஸில் எப்போதும் நெரிசலான இடம். திறந்த கொஞ்ச நாளிலேயே மேலே குழி, வண்டி போகும்போது தடதடவென்று அதிரும். 2019 மே மாதம் மூடிவிட்டார்கள். மூன்று வருஷம்கூட ஓடவில்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆட்கள் சோதித்தார்கள், மேல்தளத்தைத் தாங்குகிற கர்டர் என்ற உத்திரங்களில் விரிசல். 102 கர்டர்களில் 97இல் விரிசல் என்று நீதிமன்றம் வரை பேசப்பட்டது. அந்த வழியாகத் தினமும் லோடு வண்டி ஓட்டின எங்களுக்கு அந்த எண்ணைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது.

அதன் பிறகு டெல்லி மெட்ரோவைக் கட்டிய பொறியாளர் இ.ஸ்ரீதரன் வந்து பார்த்துவிட்டு, ஒட்டுப் போட்டுப் பிரயோஜனம் இல்லை, மேல்பகுதியைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்றார். ஒப்பந்ததாரர் தரப்பு, முதலில் பாரம் ஏற்றிச் சோதியுங்கள் என்று உயர் நீதிமன்றம் போனது. அங்கே பாரச் சோதனைக்கு உத்தரவு வந்தது. அரசு உச்ச நீதிமன்றம் போய், 2020 செப்டம்பரில் அனுமதி வாங்கியது. அப்புறம் டெல்லி மெட்ரோ நிறுவனம் எடுத்து, ஐந்து ஐந்தரை மாதத்தில் முடித்து, 2021 மார்ச் 7 திறந்துவிட்டார்கள்.

இதில் எனக்கு உறைத்தது என்னவென்றால், வேலை அரை வருஷத்துக்குள் முடிந்தது, ஆனால் யார் பொறுப்பு என்று பேசியே ஒன்றரை வருஷம் பாலம் மூடிக் கிடந்தது. அந்த ஒன்றரை வருஷமும் கீழே நெரிசலில் நின்றது நாங்கள். வழக்கு தனியாகப் போனது. ஒப்பந்த நிறுவனத் தலைவர், பொதுப்பணித் துறையின் முன்னாள் செயலர், கடைசியில் முன்னாள் அமைச்சர் வரை கைது நடந்தது. வேலை முடியுமுன்பே ஒப்பந்ததாரருக்கு முன்பணமாகக் கோடிக்கணக்கில் கொடுத்தது ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. கைது செய்யப்பட்டவர்கள் குற்றத்தை மறுத்திருக்கிறார்கள், அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். மறுகட்டுமானச் செலவை ஒப்பந்ததாரரிடம் கேட்டு அரசு நோட்டீஸும் அனுப்பியது.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. கட்டினவர்களும் மேற்பார்வை பார்த்தவர்களும் அல்லாத வெளி ஆள் ஒருவர் சோதித்து எழுதிக் கொடுத்த பிறகுதான் எல்லாம் நகர்ந்தது. உங்கள் பக்கம் அரசு பொறியியல் கல்லூரி அல்லது தஞ்சாவூர், திருச்சியில் உள்ள கல்லூரி ஏதாவது வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒன்றிய அலுவலகமே தன்னைத் தானே சோதிக்க விடாதீர்கள்.

வழக்கறிஞர், தஞ்சை எழுதியது:

சுருக்கமாக. நேரடியாக உயர் நீதிமன்றம் போக முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். போகலாம், அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் ரிட், அதாவது அதிகாரிக்கு உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கிற மனு. ஆனால் முதலில் சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு எழுத்தில் கோரிக்கை கொடுத்து, நியாயமான அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். ஏ.இ. ஐயா சொன்ன வாசகத்தோடு, மாவட்ட ஆட்சியர், ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர் இருவருக்கும் தனித்தனியாக ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். கூட்டத்தில் கையில் கொடுத்த மனுவுக்கு ரசீது மட்டும் போதாது, மனுவின் நகலில் முத்திரையும் வாங்குங்கள். நான் பார்த்த வழக்குகளில் பாதி இந்த நகல் இல்லாமல்தான் பலவீனமாகின்றன.

தகவல் சட்டத்தில் 30 நாளில் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. ஆணையத்தில் தாமதம் ஆகும், அதற்காகக் காத்திருக்காமல் மற்ற வழிகளில் போங்கள்.

லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் புகார் கொடுக்கலாம், கொடுங்கள். ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 17ஏ பிரிவின்படி, அதிகாரி தன் பணியில் எடுத்த முடிவு குறித்து விசாரிக்க அரசின் முன் அனுமதி தேவை. அது வருவதற்குள் வைப்புத் தொகை போய்விடும். அதனால்தான் பணத்தைப் பிடித்து வைப்பதை முதலில் வைத்தார் ஐயா, நானும் அதையேதான் சொல்வேன். ரிட் மனுவிலும் முதல் இடைக்காலக் கோரிக்கை அதுவாகவே இருக்கட்டும்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எடுத்த போனை மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். அசல் கோப்பில்தான் தேதி, நேரம் இருக்கும்.

வாய்க்கால்மேடு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. படங்களைத் தேடிப் பார்த்தேன். கான்கிரீட் போட்ட ராத்திரிப் படங்கள் நிறைய இருக்கின்றன, எதிலும் கியூப் அச்சு இல்லை. விங் வாலில் துளைகள் இருக்கின்றன, ஆனால் இரண்டில் குச்சியை விட்டுப் பார்த்தால் நாலு விரல் கட்டையோடு நின்றுவிடுகிறது, உள்ளே அடைத்திருக்கிறது. வைப்புத் தொகை மனுவை எழுதி, ஊரில் பெரியவர்கள், மகளிர் குழு ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம்.

இன்னும் ஒரு கேள்வி. இதெல்லாம் நடக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பிள்ளைகள் நடக்கிறார்கள், சம்பா அறுவடை லாரிகள் வேறு வந்துகொண்டிருக்கின்றன. ஒரு லாரிக்காரர் நேற்று முழு லோடோடு ஏறிவிட்டார். இப்போதைக்கு என்ன செய்வது?

ஓய்வு ஏ.இ. எழுதியது:

லாரியை இன்றே நிறுத்துங்கள், தம்பி. கம்பி வெளியே வந்த தளம் முழு லோடைத் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கனரக வாகனத்தைத் தடைசெய்து, தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கும்படி ஆட்சியருக்கும், காவல் நிலையத்துக்கும் ஒரே மனுவை எழுதுங்கள். இது பாதுகாப்புக்கு மட்டும் அல்ல. தடை போட்டால் பாலம் பாதுகாப்பாக இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. போட மறுத்தால், எச்சரித்தும் மறுத்தார்கள் என்பது பதிவாகிறது. கொள்முதல் நிலையத்துக்கு மூட்டைகளைச் சிறு வண்டிகளில் பாதி லோடாக, அல்லது சுற்றுப் பாதையில் கொண்டு போங்கள். உங்கள் டாடா ஏஸும் அதில் சேர்த்திதான்.

பிள்ளைகள் சாய்ந்த சுவர் பக்கம் நடக்க வேண்டாம். பாலத்தின் நடுவில் நடக்கட்டும், சுவர் ஓரத்தில் கயிறு கட்டி மறியுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை, விரல் அகலம் இருந்தால் போதும், இரண்டு முனையையும் சிமெண்ட் பாலில் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் பெயிண்டில் தேதி எழுதிப் படம் எடுங்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், எங்கள் காலத்தில் இப்படித்தான் கண்காணிப்போம். கை நுழைகிற இடைவெளியில் இது நிற்காது, அங்கே இரண்டு பக்கமும் ஆணி அடித்து, நடுவில் உள்ள தூரத்தை வாரம் ஒரு தடவை டேப்பில் அளந்து நோட்டில் எழுதுங்கள், ஊர்க்காரர் இருவர் கையெழுத்தோடு. பாலத்தைச் சோதிக்கிறவர்கள் ஆய்வுக்கு வரும்போது முதலில் அந்த நோட்டைக் கொடுங்கள்.